பூண்டு விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், மேல்மலையிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. நவம்பர் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு என் தூக்கத்தைக் கெடுத்தது நம் இணையதளம்தான். அதனால் அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்தும், வெளியூர்ப் பூண்டை மலைப்பூண்டு என்று விற்பது நிற்கவில்லை. அசல் பூண்டு யாரிடம் கிடைக்கும் என்று கேட்டு வருபவரிடம் கொடுக்க நம்மிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. அதனால்தான் சென்ற பொதுக்குழுவில் இணையதளத்துக்குத் தீர்மானம் போட்டோம். கீழே சமவெளியில் விசாரித்தபோது ஒருவர் கேட்ட தொகை நம் ஓராண்டுச் சந்தாவைவிட அதிகம். "நாமே செய்துவிடலாம்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

சீமங்கி என்ற இலவச மென்பொருளில் கம்போசர் என்றொரு பகுதி உண்டு. நெட்ஸ்கேப் என்ற பழைய உலாவியின் காலத்துச் சரக்கு. வேர்டில் கடிதம் தட்டுவதுபோலத் தலைப்பைத் தட்டி, படத்தைச் செருகி, அட்டவணை போட்டால் போதும். இணையப் பக்கத்தின் குறிமொழியான எச்டிஎம்எல்லை அதுவே எழுதிக்கொள்ளும். முகப்பு, மலைப்பூண்டை அடையாளம் காண்பது, ஊர்வாரியாக உறுப்பினர் பட்டியல், தொடர்பு என நான்கே பக்கங்கள் செய்தேன்.

ஜனவரி செயற்குழுவில் என் மடிக்கணினியில் காட்டினேன், கைதட்டினீர்கள். அன்றிரவே தளத்தை ஏற்றிவிட்டேன். மறுநாள் மன்னவனூர் உறுப்பினர் ஒருவர் கூப்பிட்டார்: "செயலாளரே, எழுத்தெல்லாம் வருது. படம் இருக்க வேண்டிய இடத்துல வெறும் கட்டமா இருக்கே?" என் கணினியில் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. இரண்டு நாள் சிக்னலைத் திட்டினேன். அப்புறம் எச்டிஎம்எல் மூலத்தைத் திறந்து பார்த்தபோதுதான் உறைத்தது. ஒவ்வொரு படத்துக்கும் முகவரியாக என் கணினிக்குள் இருக்கும் சி டிரைவ் இருந்தது, அடுத்தவர் கணினிக்கு அது எப்படித் தெரியும்! பக்கத்தைச் சேமிக்காமலே படம் செருகியதன் வினை. முதலில் பக்கத்தைச் சேமித்து, படங்களையும் அதே கோப்புறையில் போட்டு, பக்கத்தை ஒட்டிய முகவரி வேண்டும் என்ற கட்டத்தில் டிக் அடித்தால், கோப்பின் பெயர் மட்டும் பதிவாகும். எல்லாப் படங்களையும் மறுபடி செருகினேன். புகையில் கட்டித் தொங்கவிட்ட பூண்டின் படம் மட்டும் அதற்கும் அடங்கவில்லை. கோப்பின் பெயர் கணினியில் ஆங்கிலப் பெரிய எழுத்து, பக்கத்தில் சின்ன எழுத்து. என் கணினியின் விண்டோஸ் அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது, தளம் இருக்கும் லினக்ஸ் சர்வர் விடாது.

கைபேசியில் எழுத்து எறும்பாகத் தெரிகிறது என்ற புகார் சரியானதே. திரை அகலத்துக்கான ஒரு வரியைக் கம்போசர் தானாகப் போடுவதில்லை, கையால் சேர்த்தேன். 4 எம்பி படங்களையும் சுருக்கினேன். பூண்டி, கவுஞ்சிப் பக்கம் கிடைக்கும் சிக்னலுக்கு அவ்வளவு பெரிய படம் ஆகாது.

நம் பழைய உறுப்பினர் பட்டியல் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்ததால், ஒட்டியதும் ஆங்கில எழுத்தாக உளறியது. முழுவதையும் திரும்பத் தட்டிக்கொடுத்த பூம்பாறை உறுப்பினரின் மகளுக்குச் சங்கத்தின் நன்றி.

தளத்தின் கடவுச்சொல் ஒட்டிய உறையில் பொருளாளரிடம் இருக்கிறது. கைபேசி எண் மாறியவர்கள் டீ இடைவேளைக்குள் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

— செயலாளர்