எல்லாம் ‘ரிலேட்டட்’ என்றால் எப்படி அம்மிணி?

கோத்தகிரி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய அறிக்கையைக் கடைவீதியில் பிரின்ட் எடுத்து வந்து முழுதாகப் படித்துவிட்டேன். மண்சரிவைப் பற்றி இந்த மலையில் வளர்ந்தவளாக எழுதியிருக்கிறாய், அது வரிக்கு வரி தெரிகிறது. மொழிதான் ஓரிடத்தில் இடறுகிறது. மழையும் சரிவும் ரிலேட்டட், தேயிலையும் சரிவும் ரிலேட்டட், சாலையை அகலப்படுத்தியதும் ரிலேட்டட், ஓடை அடைபட்டதும் ரிலேட்டட். “ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வருது, வேற வார்த்தை போட்டுக் குடுங்கப்பா” என்று கேட்டிருந்தாய். போட்டுக் கொடுக்க மாட்டேன். இத்தனை வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன் பிடிவாதம் என்று வைத்துக்கொள். அந்த வார்த்தைகள் ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டுக்கொள்கிற சட்டைகள் அல்ல. நீ எந்த அளவுக்குப் பொறுப்பேற்கிறாய் என்பதை ஒவ்வொன்றும் காட்டிக்கொடுத்துவிடும். அந்த அளவை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

ரிலேட்டட் என்றால், ஏதோ தொடர்பு இருக்கிறது, என்ன தொடர்பு என்று இப்போதைக்குக் கேட்காதே என்று பொருள். தலைப்பில் வரலாம், முதல் பத்தியில் வரலாம். லிங்க்ட் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்த வார்த்தை. காரணத்தைச் சொன்ன மாதிரியும் இருக்கும், யாராவது மடக்கினால் நாங்கள் அப்படிச் சொல்லவில்லையே என்று நழுவவும் முடியும். போலீஸ் செய்திகளில் வரும் ‘இன் கனெக்‌ஷன் வித்’ அதற்கு அண்ணன்: ஆளைப் பிடித்தாயிற்று, குற்றவாளி என்று சொல்லவில்லை. அசோசியேட்டட் வித் என்பது மருத்துவ, அறிவியல் கட்டுரைகளில் புழங்குவது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, எதனால் எது என்று நாங்கள் நிரூபிக்கவில்லை என்று அது ஒப்புக்கொள்கிறது. கோரிலேட்டட் என்று எழுதினால் கணக்குக் காட்ட வேண்டும். ஒன்று கூடும்போது மற்றது கூடுகிறதா குறைகிறதா என்பது எண்ணாக இருக்க வேண்டும். உன் மூன்றாம் பக்கத்தில் எண்ணே இல்லாமல் அது உட்கார்ந்திருக்கிறது. அப்படியே கணக்கு வந்தாலும், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா என்று பார்க்கிற வேலை மிச்சம் இருக்கும்.

இனி மழைக்கு வருவோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதை நீயே எழுதியிருக்கிறாய். அத்தனை தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால் துகள்களுக்கு நடுவே நீரழுத்தம் ஏறுகிறது, மண்ணின் பிடி தளர்கிறது, மேலே நிற்கும் சுமையும் கூடுகிறது. நடப்பது என்ன என்று தெரிந்த இடம் இது. இங்கே போய் ரிலேட்டட் என்று பம்முவானேன்? ட்ரிகர்ட் பை என்று தைரியமாக எழுது. காஸ்ட் பை என்பதைவிட இதுவே பொருத்தம். செங்குத்தாக வெட்டிய சாலையோரமும் அடைபட்ட ஓடையும் முன்பே தயாராக இருந்தன. கடைசியில் தள்ளிவிட்டது மழை. அந்த இரண்டுக்கும் கான்ட்ரிபியூட்டட் டு என்று எழுதினால் அவற்றின் பங்கும் விட்டுப்போகாது. தேயிலை விஷயத்தில் இந்தத் துணிச்சல் வேண்டாம். உன் கையில் இருக்கும் தரவு, சரிவுகள் எந்தெந்த நிலத்தில் விழுந்தன என்பது வரைக்கும்தான் போகிறது. அதற்கு அசோசியேட்டட் போதும்.

அடுத்து, ஸிமிலர் என்பதையும் ரிலேட்டட் என்பதையும் நீ கலந்து எழுதுகிறாய். உயிரியல் படித்த தோழிகள் சும்மா விடமாட்டார்கள். முக்கூர்த்தியில் இருக்கிற நம் வரையாட்டையே எடுத்துக்கொள். பார்வைக்கு இமயமலை தார் ஆடு மாதிரி இருக்கிறதென்று ரொம்ப காலம் இரண்டையும் ஹெமிட்ராகஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் மரபணுவை ஒப்பிட்டபோது, வரையாட்டுக்கு நெருங்கிய சொந்தம் செம்மறி என்று தெரிந்தது. அதன் பிறகு நீல்கிரிட்ராகஸ் என்று அதற்குத் தனிப் பேரினமே வைத்தார்கள். இமயமலை ஆட்டோடு அதற்கு இருப்பது ஸிமிலாரிட்டி. செம்மறியோடு இருப்பதுதான் க்ளோஸ்லி ரிலேட்டட். உயிரியலில் இந்த வார்த்தைக்கு ஒரே முன்னோரிடமிருந்து வந்த நெருக்கம் என்று கறாரான பொருள் உண்டு. மொழியில் அதே உறவுக்கு காக்னேட் என்பார்கள், கூடப் பிறந்தது என்று பொருள். நம் பாலும் படகர் சொல்லும் ஹாலும் காக்னேட். நம் ரயிலும் இங்கிலீஷ்காரன் ரெயிலும் அப்படி இல்லை, ஒன்று மற்றதிடம் கடன் வாங்கியது. உன் குன்னூர்ச் சரிவையும் கேத்திச் சரிவையும் அகின் டு என்று சொல்லலாம், தன்மையில் ஒத்தவை என்பதற்கு. ரிலேட்டட் என்றால் ஒன்றிலிருந்து ஒன்று கிளம்பியதாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

இன்டர்டிபென்டன்ட் என்பதை நீ ஒரே இடத்தில் போட்டிருக்கிறாய், அதுவும் தப்பான இடத்தில். மழை சரிவைப் பாதிக்கிறது, சரிவு மழையைப் பாதிப்பதில்லையே! இரண்டு பக்கமும் சார்ந்திருந்தால்தான் அந்த வார்த்தை. இந்த ஊர்ப் பெயரிலேயே இருக்கிற கோத்தர்கள் இரும்புச் சாமானும் மண்பாண்டமும் செய்தார்கள், சடங்குகளுக்கு வாசித்தார்கள். படகர் தானியம் கொடுத்தார்கள், தோடரிடமிருந்து நெய்யும் பாலும், குறும்பரிடமிருந்து தேனும் காட்டுப் பொருள்களும் வந்தன. சந்தையும் காசும் மலையேறி வந்து அதைத் தளர்த்தும் வரைக்கும் ஒருவரை விட்டு ஒருவருக்கு நடக்காது. இன்டர்டிபென்டன்ட் என்ற வார்த்தைக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் வகுப்பில் சொன்னதில்லை.

ரெலவன்ட், பெர்டினன்ட், ஜெர்மேன் மூன்றும் பேச்சுக்குப் பொருந்துகிறதா என்பதைச் சொல்பவை. அறிக்கைக்கு ரெலவன்ட் டு ஒன்றே போதும், மற்றவை வக்கீல்களுக்கு இருக்கட்டும். சின்ன ஒட்டுச் சொற்களையும் கவனி: டிபென்டன்ட் ஆன், ஆனால் இன்டிபென்டன்ட் ஆஃப். நீ இரண்டுக்கும் ஆன் போட்டிருக்கிறாய். கோரிலேட்டட் என்றால் வித். சிவப்பு மையில் குறித்த பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எந்த வார்த்தை என்று எழுதவில்லை, எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று மட்டும் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். உன் சித்தியின் சம்பந்தி வீட்டில் தை மாதம் ஒரு கல்யாணம், நீ கட்டாயம் வர வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். மேலதிகாரியிடம் லீவு கேட்டு எழுதும்போது அவர்கள் உனக்கு என்ன முறை என்று இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருக்காதே. அங்கே மட்டும் ரிலேட்டிவ் என்று போட்டுவிடு.

அன்புடன்,
அப்பா