அதே 98

தோ பாயோ, ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி,

அக்கி ஆறிவிட்டது. சட்டை உரசினால் மட்டும் இடுப்பில் சுர்ரென்கிறது. அம்மா வேப்பிலை தேடி புளோக் புளோக்காக அலைந்த கதையை அவளே சொல்லட்டும்.

பலதுறை மருந்தகத்தில் டாக்டர் வாலசைக்ளோவிர் எழுதினார், 1 கிராம், தினம் மூன்று வேளை. மருந்து கொடுக்கும் இடத்தில் அந்தப் பெண், "அங்கிள், எடை எவ்வளவு?" என்றார். 52 கிலோ. கால்குலேட்டரைத் தட்டினார், டாக்டருக்குப் போன் போட்டார், மூன்று வேளை இரண்டாகிவிட்டது.

எனக்கு ஒப்பவில்லை. ரத்தச் சோதனைத் தாளில் என் கிரியேட்டினின் லிட்டருக்கு 98 மைக்ரோமோல்தான், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்ற கணக்கும் 60க்கு மேல்தான் என்றேன். வரிசை நீண்டிருந்தும் பொறுமையாகச் சொன்னார். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை வற்றிய கிழவனுக்கு அது கொஞ்சமாகத்தான் ஊறும், அதனால் சிறுநீரகம் மந்தமானாலும் எண் நல்லபிள்ளையாகவே நிற்கும். தாளில் அச்சாகும் கணக்கோ எடையைக் கேட்பதே இல்லை. வேளை குறைக்காவிட்டால் மருந்து உடம்பில் தேங்கி, என் வயதில் புத்தி தடுமாறக்கூடுமாம்.

அவர் போட்டது 1976இல் கனடாவில் காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் வெளியிட்ட கணக்கு. 140இல் வயதைக் கழித்து, எடையாலும் 1.23ஆலும் பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். வீட்டில் நானும் போட்டேன். எனக்கு 78 வயது, சிறுநீரகம் சுத்தம் செய்வது நிமிடத்துக்கு 40 மில்லிலிட்டர்தான். அதே 98ஐ உன் 40 வயதுக்கும் 80 கிலோவுக்கும் போட்டால் 100!

பெண்களுக்கு 1.23க்குப் பதில் 1.04. ஏன் என்றாள் அம்மா. அவர்கள் சோதித்தது பெரும்பாலும் ஆண்களை, பெண்களுக்குக் கிட்டத்தட்ட 15 விழுக்காடு குறைத்துக்கொண்டார்கள் என்றேன். "அதானே" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்புறம், முழங்காலுக்கு நீ பெர்த்திலிருந்து அனுப்பிய இபுபுரூஃபனையும் அந்தப் பெண்ணிடம் காட்டினேன். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அது குறைக்குமாம், இந்த 40க்கு வேண்டாம் என்றார். பாராசிட்டமால்தான் இப்போது. கோபித்துக்கொள்ளாதே, டப்பாவைப் பிரிக்கவில்லை. தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ. அதற்குப் பதிலாக மெக்கடேமியா கொட்டை வாங்கி வா, உப்புப் போடாதது.

அப்பா