பாதி ராக்கெட்டை மட்டும் போடாதீங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்ங்க. நான் கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரில ஃபிட்டரா இருக்கேன், வீட்ல இருபது வருசமா உங்க பேப்பர்தான், அந்த உரிமைல கேக்குறேன். டெக்சாஸ்ல ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனி ஸ்டார்ஷிப் ராக்கெட்டை விடுறப்பல்லாம் நீங்க போடுறது ஒரே தலைப்பு, வெடிச்சு சிதறிடுச்சு, தோல்வின்னு. வெடிச்சது நெசம்தான், இல்லேங்கல. எந்தப் பாதி வெடிச்சதுன்னு ஒரு வரி போட்டா என்னங்க?

2025 ஜனவரில நடந்ததையே எடுத்துக்கோங்க. மேல்பாகத்துல எரிபொருள் கசிஞ்சு தீப்பிடிச்சு போயிடுச்சு, சரி. ஆனா 33 இன்ஜின் இருக்கிற கீழ்பாகம், 71 மீட்டர் உயரம், அது மேல போய் கழண்டு, திரும்பி வந்து, கெளம்பின டவரோட ரெண்டு கைக்கு நடுவுல சொன்ன எடத்துல வந்து தொங்குச்சு, உங்க செய்தில அதைப் பத்தி மூச்சே இல்ல. இதை முதல் தடவை செஞ்சது 2024 அக்டோபர் 13, நம்ம ஊருக்கு ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறு மணி வாக்குல. டீக்கடைல ஆறேழு பேரு ஒரே போன்ல பாத்தோம், வெளிய மூடுபனி, சிக்னல் நின்னு நின்னு வருது, டவர் கை அதைப் பிடிச்சதும் கடைக்காரர் பால் பொங்குறதைக்கூட கவனிக்கல.

எங்க வேலைல தேயிலையை நசுக்கி நறுக்குற CTC ரோலரைப் பல்லு தீட்டி மாட்டினா முதல் நாள் வர்ற தூளை யாரும் குன்னூர் ஏலத்துக்கு சாம்பிள் அனுப்ப மாட்டாங்க, அது ட்ரையல், எங்க இடிக்குது எங்க சூடாகுதுன்னு பாக்கத்தான் ஓட்டுறது. அவங்களும் அதைத்தான் பண்றாங்க. 2023 ஏப்ரல்ல முதல் தடவை விட்டப்ப நெருப்பு வேகத்துல கீழ இருந்த கான்கிரீட்டே பேந்து பறந்துச்சு, அடுத்த தடவைக்குள்ள இரும்புத் தகடு போட்டு அதுலேருந்து தண்ணி பீச்சுற மாதிரி மாத்திட்டாங்க. 2024 ஜூன்ல மேல்பாகத்தோட றெக்கை எரிஞ்சு ஓட்டை விழுந்தும் இந்தியப் பெருங்கடல்ல மெதுவா எறங்குச்சு பாருங்க, அந்த வீடியோவை நான் பத்து தடவை பாத்திருப்பேன்.

அதுக்காக எல்லாம் சரின்னு சொல்லல. 2025 ஜனவரிலயும் மார்ச்லயும் ஒடஞ்ச துண்டு கரீபியன் தீவுங்க பக்கம் விழுந்து விமானங்களையெல்லாம் திருப்பி விட்டாங்க, கீழ இருக்கிறவன் என்ன பாவம் பண்ணான்? அதைத்தான் நீங்க பெருசா எழுதியிருக்கணும், அது கடைசி வரில கெடந்துச்சு. கம்பெனி முதலாளி மஸ்க் சொல்ற தேதியையும் நான் நம்புறதில்ல, அது வேற விசயம்.

நம்ம இஸ்ரோவோட SLV-3 ராக்கெட் கூட 1979 ஆகஸ்ட்ல வங்கக் கடல்லதான் விழுந்துச்சு. அடுத்த வருசம் ஜூலைல அதே வகை ராக்கெட்தான் ரோகிணி சேட்டிலைட்டை சுத்துப்பாதைல விட்டுச்சு. இப்ப இஸ்ரோ கட்டப்போற அடுத்த பெரிய ராக்கெட்லயும் கீழ்பாகம் திரும்பி வர்ற மாதிரிதான் திட்டம், 2024 செப்டம்பர்லயே மத்திய அரசு ஒப்புதல் குடுத்தாச்சு. அதோட சோதனை நடக்கிறப்பவும் இதே தலைப்பைத்தான் எடுத்து வெப்பீங்களா?

இன்னொன்னு, 2025 ஆகஸ்ட் 27 விடிகாலை அஞ்சு மணிக்கு ஸ்டார்ஷிப்போட பத்தாவது சோதனை, எட்டு டம்மி சேட்டிலைட்டை வெளிய தள்ளிட்டு கடல்ல சொன்ன எடத்துல எறங்குச்சு. நைட் ஷிஃப்ட் முடிச்சு அசதில தூங்கிட்டேன், சரி பேப்பர்ல பாத்துக்கலாம்னு மறுநாள் தேடுறேன் தேடுறேன், ஒரு துண்டு செய்திகூட இல்ல. வெடிக்கலைல்ல, அதனால போடலையோ என்னமோ. அடுத்த தடவையாவது மொத நாளே நம்ம ஊர் நேரத்தை மட்டும் ஒரு ஓரமா போடுங்க சார், நான் ஷிஃப்ட் மாத்திக்குவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி