சிமெண்ட் மட்டும் வேண்டாம்

அன்புள்ள வள்ளிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வழக்கம்போல.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து இரண்டரை அடிக்கு ஈரம் ஏறி, விளிம்பில் உப்புப் பூத்திருக்கிறது. யாரைக் கூப்பிட்டாலும் சரி, சிமெண்ட் பூச விடாதே.

இங்கிலாந்தில், ஹோவ் ஊரின் பிரன்ஸ்விக் சதுக்கத்தில் வீடு என்றதும் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கட்டடக் கலைஞர் சார்லஸ் பஸ்பி 1820-களில் வடிவமைத்த வரிசை, முதல் தரப் பாரம்பரியக் கட்டடம், சும்மாவா! ஆனால் அந்த வளைந்த முகப்பு கல் இல்லை, பூச்சு. உள்ளே பெரும்பாலும் பங்கரூஷ். பலகை அடைத்து, உடைந்த செங்கல், சக்கிமுக்கிக் கல், கூழாங்கல் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் சுண்ணாம்புக் கலவையோடு கொட்டி இறுக்கிய சுவர். ஒரேயடியாகக் காய்ந்தால் உதிரும், ஊறினால் கரையும். விற்பதற்காகக் கட்டியது; காசு முகத்துக்குப் போய்விட்டது.

முகப்புக்கு ஐந்து வருஷத்துக்கொரு முறை ஒரே நிறத்தில் பெயிண்ட் அடிப்பது அங்கே கட்டாயம். அந்தப் பளபளப்பைத் தாண்டி ஈரம் வெளியேறாது. மிச்சமிருப்பது உட்பக்கம்தான். அதையும் சிமெண்டால் அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும்.

பூசுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று பார். வாசலுக்குக் கீழே இறங்கும் பள்ள முற்றத்தின் மட்டம் உன் அறைத் தரையைவிட உயரமா? வடிகாலில் தண்ணீர் ஓடுகிறதா? நடைபாதைக்கு அடியில் உள்ள பழைய கரி அறைகளையும் பார். உச்சியில் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஈயத் தகட்டுக் கால்வாய் ஒளிந்திருக்கும். இலை அடைத்துவிட்டால் மழைநீர் சுவர் வழியாகவே இறங்கும். இன்னொன்று, தெருமட்டத்துக்குக் கீழே இருக்கும் உன் தளம் அந்தக் காலத்தில் வேலைக்காரர்களின் சமையல்கட்டு. நாள் முழுக்க எரிந்த அடுப்புதான் சுவரை உலர்த்தியது. அந்தப் புகைபோக்கியை அடைத்திருந்தால் காற்றுக்கு ஒரு வலைத்துளையாவது வைக்கச் சொல்.

அதன் பிறகு, ஈரக் கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை பழைய பூச்சை உரித்துவிட்டு, மாதக்கணக்கில் ஆனாலும் காய விடு. நீரில் இறுகும் சுண்ணாம்பு, 3.5 ரகம், ஒரு பங்கு. கழுவின கூர்மணல் இரண்டரைப் பங்கு. ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். குளிர் 5 டிகிரிக்குக் கீழே போகும் மாதங்களில் தொடவே தொடாதே. மேலே வெள்ளையடிக்க வேண்டும், பிளாஸ்டிக் பெயிண்ட் கூடாது. சிமெண்ட் வேண்டாம் என்று எழுதினேன் அல்லவா?

நகராட்சியைக் கேட்காமல் கை வைத்தால் அது குற்றம், நினைவிருக்கட்டும். விண்ணப்பம் போடும்போது வீட்டில் பங்குள்ள எல்லாருக்கும் தெரிவிக்க வேண்டும். மாப்பிள்ளைக்கும்தானே? படத்தில் வாசல் கொக்கியில் உன் கோட்டு மட்டும்தான் தொங்குகிறது. துவைக்கப் போட்டிருப்பார்.

நம் வளவுச் சுவர் உனக்குத் தெரியும். ஐயா தடுத்தும் சிமெண்ட் பூசச் சொன்னது நான்தான். நாற்பது வருஷமாகக் கொத்தனார் மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிறேன். ஐப்பசியில் நீ போன் செய்து ஒன்றும் பேசாமல் இருந்தாயே, அன்றைக்கும் அப்படித்தான். சிக்னல் இல்லை என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சிக்னல் இருந்தது வள்ளி.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நானே எடுக்கிறேன். மணல் மட்டும் பார்த்து வாங்கு, பக்கத்தில் கடல் இருக்கிறதென்று யாராவது அங்கிருந்து அள்ளிக்கொண்டு வந்துவிடப் போகிறார்கள்.

அப்பா