காரோடு சேர்ந்து நீயும் திரும்பு

யாழ்ப்பாணம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகன் உன்னை இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் ஓடுதளத்துக்கு ஃபோர்முலா வன் கார்ப் பந்தயம் பார்க்கக் கூட்டிப்போகிறான் என்று வாசித்ததும் முதலில் பொறாமைதான் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் படியேறும்போது முறைப்பாடு சொல்கிறது. ஸ்ரூடியோவை மருமகன் பொறுப்பில் விட்டுவிட்டேன். பாஸ்போட் படமும் கலியாண அல்பமும் இனி அவன் பாடு. எங்கேயாவது மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி நடந்தால் நான் கமராவைத் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போய்விடுகிறேன்.

பிராண்ட்ஸ் ஹாச் ஓடுதளத்தில் நீ எடுத்த கார்ப் பந்தயப் படங்களைப் பார்த்தேன். கோபிக்காதே. எல்லாம் துல்லியமாக இருக்கின்றன, ஆனால் ஒரு கார்கூட ஓடவில்லை. 1/1000 செக்கனில் எடுத்தால் அப்படித்தான் வரும். மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் ஒரு செக்கனில் 50 மீற்றர் கடக்கிறது. 1/1000 செக்கனில் அது நகர்வது வெறும் ஐந்து சென்ரிமீற்றர். சில்லின் கம்பிகள்கூட ஏறக்குறைய உறைந்துவிடும். அதே காரை 1/50 செக்கனில் எடுத்தால் ஷட்டர் திறந்து மூடுவதற்குள் ஒரு மீற்றர் போய்விடும். அந்த ஒரு மீற்றருக்குக் கமராவும் காரோடு சேர்ந்து திரும்பினால் கார் தெளிவாக நிற்கும், பின்னணி முழுவதும் கோடுகளாக இழுபடும், சில்லுகள் சுழலும். பானிங் என்பது இவ்வளவுதான்.

செய்வதற்குக் கமராவைவிட உடம்புதான் முக்கியம். கார் உனக்கு நேரே வரும் இடத்தைத் தீர்மானித்து, கால்களை அந்தப் பக்கம் ஊன்றி நில். பிறகு இடுப்பை மட்டும் திருப்பி, தூரத்தில் வரும்போதே காரைப் பிடித்துவிடு. முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். பொத்தானை அழுத்தியதும் பலர் நின்றுவிடுகிறார்கள். படம் கெடுவது அங்கேதான். அழுத்திய பிறகும் காரோடு தொடர்ந்து திரும்பிக்கொண்டே இரு. உன்னுடைய கனன் லென்ஸில் அதிர்வு தடுக்கும் பொத்தானை 2 இல் வை. அது மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் அடக்கும், நீ பக்கவாட்டில் திரும்புவதைத் தடுக்காது.

உண்மையைச் சொன்னால் உன் வேலை என் வேலையைவிடச் சுலபம். சவாரி மாடு நேர்கோட்டில் ஓடினாலும் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் தலையும் திமிலும் ஏறி இறங்கும். வண்டி வேறு துள்ளும், மேலே நிற்பவர் வேறு பக்கம் சாய்வார். எல்லாம் ஒரே படத்தில் தெளிவாக விழாது. ஒரு மாட்டின் கண்ணும் மூக்கணாங்கயிறும் தெளிந்தால் நான் திருப்தியோடு வீட்டுக்கு வருவேன். பந்தயக் காரோ தரையோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு போகிறது. அதோடு உனக்கு 52 சுற்று! ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் அதே கார் அதே இடத்துக்குத் திரும்பி வரும். இங்கே மாட்டுச் சோடி ஒருமுறை கடந்தால் கடந்ததுதான்.

பின்னணியைப் பார்த்து நில். புதிதாகப் பழகும் பொடியன்கள் பண்ணைப் பாலத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள்களைப் படமெடுத்துக்கொண்டுவந்து, வேகமே தெரியவில்லை என்று என்னிடம் கேட்கிறார்கள். பின்னால் வெறும் கடலும் வானமும் இருந்தால் எது இழுபடும்? மரங்கள், விளம்பரப் பலகைகள், நிறம் நிறமாகச் சட்டை போட்ட சனம், இவைதான் கோடுகளாகும். சில்வர்ஸ்டோன் முன்பு விமானத்தளம், வெட்டவெளி அதிகம். ஆகவே எதிரே பார்வையாளர் மேடை இருக்கும் இடமாகத் தேடு. அங்குள்ள பெக்கெற்ஸ் வளைவுகள் பெயர்பெற்றவைதான், ஆனால் கார் அங்கே இடமும் வலமும் மாறிமாறி வெட்டும். முதலில் வில்லேஜ், லூப் என்ற வளைவுகள் பக்கம் போ, அங்கே வேகம் நன்றாகக் குறையும். வளைவின் உட்பக்கம் இடம் கிடைத்தால் விடாதே. கார் உன்னைச் சுற்றி வருவதால் தூரம் அதிகம் மாறாது, மூக்கு முதல் வால்வரை தெளிவு கிடைக்கும். நேர்ப்பாதையில் நடுப்பகுதி தெளிந்து முனைகள் கலங்குவது வழக்கம்.

1/250 இல் தொடங்கி, கை பழகப் பழக 1/125, 1/60 என்று இறங்கு. எங்கள் வெயிலில் ஒளியுணர்திறனைக் குறைத்து ஐஎஸ்ஓ 100 வைத்தாலும் 1/50 க்கு லென்ஸின் துவாரத்தை எஃப் 22 வரை மூட வேண்டியிருக்கிறது. அவ்வளவு மூடினால் படத்தின் கூர்மை போய்விடும், சென்சரில் ஒட்டிய தூசியெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். உன் ஊர் மேகம் அந்தத் தொல்லையைப் பாதியாவது குறைத்துவிடும்.

இன்னொன்று: மெக்கானிக்கல் ஷட்டரையே பாவித்துக்கொள். எலக்ட்ரோனிக் ஷட்டர் படத்தை வரிவரியாகப் பதிவுசெய்வதால், நீ திரும்பும்போது பின்னால் நிற்கும் கம்பங்கள் சரிந்து விழும். லார்த்தீக் என்ற பிரெஞ்சுக்காரர் இருபது வயது நிரம்பு முன் எடுத்த பந்தயக் கார்ப் படம் நினைவிருக்கிறதா? சில்லு முட்டை வடிவில் முன்னே சாய்ந்திருக்கும், பார்வையாளர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அந்தக் கமராவிலும் ஒளி விடும் ஒடுங்கிய இடைவெளி, படம் பதியும் தகட்டைப் படிப்படியாகத்தான் கடந்தது. அவர் திரும்பிய வேகம் காரின் வேகத்துக்கு எட்டவில்லை. அவருக்கு அது பெயர் வாங்கிக் கொடுத்தது. நமக்கு யார் கொடுக்கப் போகிறார்கள்?

போவதற்கு முன் வீட்டு வாசலில் நின்று சிவப்புப் பஸ்களை 1/30 இல் எடுத்துப் பழகு. படங்களைப் பொறுக்கி அனுப்பாதே. கலங்கியவற்றையும் சேர்த்து அனுப்பு. கை எங்கே நின்றது என்று அவற்றில்தான் தெரியும்.

தைப்பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய். வரும்போது 77 மில்லிமீற்றர் அளவில் வெளிச்சம் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்று, மூன்று ஸ்டொப், அதாவது வெளிச்சத்தை எட்டில் ஒன்றாக்குவது, வாங்கி வா. காசு தருகிறேன். நீ வாங்கமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

உன் பழைய கூட்டாளி