பேட்டரியை மாற்றுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஒலிப்பதிவைப் பெர்த்தில் உன் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டேன். சாவியைத் திருப்பியதும் வண்டியின் அடியிலிருந்து கனமாக ஒரே ஒரு ‘டொக்’, அதன் பிறகு ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் டாஷ்போர்டு விளக்குகள் மங்கவில்லை என்றும், பலமுறை சாவியைத் திருப்பிய பின் எதுவுமே நடக்காததுபோல் எஞ்சின் ஓடத் தொடங்கியது என்றும் நீ எழுதியிருந்தது, அந்த ஒலியைவிட எனக்கு அதிகம் சொன்னது. எனவே பேட்டரி மாற்ற வரச் சொல்லியிருக்கும் ஆளை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. சிங்கப்பூர் வெக்கையில் ஒரு பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகள் உழைப்பதே பெரிது என்பது உண்மைதான். ஆனால் உன் வண்டியில் இருப்பது போன ஆண்டு மாட்டியது. பேட்டரி இறங்கியிருந்தால் பெரும்பாலும் ‘டொக்’ என்று ஒருமுறை அடித்து நிற்காது. ‘டிக் டிக் டிக்’ என்று விடாமல் படபடக்கும், விளக்குகளும் கூடவே சோர்ந்துவிடும். என் சந்தேகம் ஸ்டார்ட்டர் மேல்தான்.

அந்த ‘டொக்’ எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், பட்டறைக்காரர் சொல்வதில் எதை ஏற்பது, எதைக் கேள்வி கேட்பது என்று உனக்கே விளங்கிவிடும். எஞ்சினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் முதுகில் சொலினாய்டு என்று ஓர் உருளை இருக்கிறது. நீ சாவியைத் திருப்பும்போது ஒரு மெல்லிய கம்பி வழியாக அதற்கு மின்சாரம் போகிறது; உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு காந்த விசையால் இழுபட்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒரு சிறிய பற்சக்கரத்தை எஞ்சினின் பின்புறமுள்ள பெரிய பல்வளையத்தோடு கோக்கிறது. அதே அசைவில் ஒரு செம்புத் தகட்டை இரண்டு கனமான செம்புத் தொடர்புகளின் மேல் அழுத்தி, பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிளை மோட்டாரோடு இணைக்கிறது. அந்த இணைப்பின் வழியே பாய்வது கொஞ்சநஞ்ச மின்சாரம் அன்று. பெட்ரோல் எஞ்சினுக்கே 150, 200 ஆம்பியர் போகும். ஒவ்வொரு முறையும் அங்கே சிறு பொறி பறந்து செம்பைத் துளித்துளியாகத் தின்கிறது. ஆண்டுக்கணக்கில் தேய்ந்தபின் தண்டு வந்து அடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும், செம்பு செம்பைத் தொடாது. தகடு சற்றே சுழன்று தேயாத இடத்தில் பட்டுவிட்டால் அன்றைக்கு வண்டி கிளம்பிவிடும். உனக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். மோட்டாருக்குள் இருக்கும் கரித்தூரிகைகள், அதாவது கார்பன் பிரஷ்கள், தேய்ந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே அறிகுறிதான். பிரித்துப் பார்த்தால்தான் எது என்று உறுதியாகும்.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் மாப்பிள்ளை கிளம்பும்வரை சாவியைப் பிடித்துக்கொண்டே இருப்பார். 1912ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்த சார்ல்ஸ் கெட்டரிங், சில நொடிகளுக்கு மட்டும் வேலை செய்யும் மோட்டாரை அதன் தாங்குதிறனுக்கு மேலேயே ஓட்டலாம் என்று கண்டதால்தான், காருக்குள் அடங்கும் அளவில் அதைச் செய்ய முடிந்தது. இன்றைய ஸ்டார்ட்டரும் அந்தக் கணக்கில்தான் பிழைக்கிறது. எஞ்சின் சுழன்றும் பற்றவில்லை என்றால் பத்து நொடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. விட்டுவிட்டு, ஒரு நிமிடமாவது ஆறவிட்டுத்தான் மறுபடி முயல வேண்டும்.

ஊகத்தை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம், அளந்து பார். மின்னழுத்தம் அளக்கும் என் மல்டிமீட்டர் தோ பாயோ வீட்டு ஸ்டோர் அறையில், கருவிப் பெட்டியின் மேல்தட்டில் இருக்கிறது. சாவி உன்னிடம் உள்ளது. வண்டி இரவு முழுக்க நின்றபின், காலையில் கதவைத் திறந்து உள்விளக்குகள் அணையும்வரை பொறுத்து, பேட்டரியின் இரு முனைகளிலும் முட்களை வை. 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.0 என்றால் இறங்கிவிட்டது. பிறகு மாப்பிள்ளையைச் சாவி திருப்பச் சொல்லி, அந்த நொடியில் எண் எவ்வளவு விழுகிறது என்று கவனி. ஒன்பதரைக்கும் கீழே போனால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். ‘டொக்’ கேட்டும் எண் 12ஐ விட்டு அசையாவிட்டால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை என்று பொருள். ஆனால் அதை ஸ்டார்ட்டரின் தலையில் போடுவதற்கு முன் இன்னொரு சந்தேகத்தை விலக்க வேண்டும்: சாவியைத் திருப்பும்போதே, ஒரு முள்ளைப் பேட்டரியின் எதிர்முனையில் வைத்துக்கொண்டு, மற்றதை ஈயக் குமிழிலும் அதைப் பற்றியிருக்கும் கவ்வியிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார். குமிழில் 12, கவ்வியில் அதைவிட வெகு குறைவு என்றால், அந்த இரண்டுக்கும் நடுவே பூத்திருக்கும் வெள்ளை உப்புதான் குற்றவாளி. வெந்நீரும் பிரஷ்ஷும் போதும். எஞ்சினுக்கும் வண்டி உடலுக்கும் இடையே ஓடும் எர்த் கம்பியையும் இதே கணக்கில் பார்க்கச் சொல். சாவியைத் திருப்பும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

கியரை ‘பி’யிலிருந்து ‘என்’னுக்கு மாற்றியும் ஒருமுறை முயன்று பார்க்கலாம். ஆனால் உன் வண்டியில் ‘டொக்’ கேட்கிறது என்பதால் ‘பி’யிலோ ‘என்’னிலோ இருந்தால் மட்டும் கிளம்ப விடும் கியர் சுவிட்ச் சாவியின் கட்டளையைக் கடத்துகிறது என்றே கொள்ளலாம். சாவியைத் திருப்பும்போது ‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாதிருப்பதும், பல்லோடு பல் உரசிக் கரகரப்பதும் வேறு நோய்கள். அந்தக் கரகரப்பு கேட்டால் மட்டும் ஒருமுறைகூட மீண்டும் முயலாதே, பல்வளையம் கெட்டால் கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும்.

சக்கரம் கழற்றும் கம்பியால் ஸ்டார்ட்டரைத் தட்டினால் கிளம்பும் என்று மாப்பிள்ளை எங்கோ பார்த்ததாகச் சொன்னாய். பிரஷ் சிக்கியிருந்தால் மெதுவாகத் தட்டுவது ஒரு தடவைக்கு உதவும். பட்டறை வரை போய்ச் சேர அது போதும். ஆனால் ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த கேபிளில், சாவியை எடுத்துவிட்டாலும் மின்சாரம் எப்போதும் நிற்கிறது, பெரும்பாலான வண்டிகளில் அதற்கு ஃபியூஸும் கிடையாது. இரும்புக் கம்பி அந்த முனையையும் எஞ்சினையும் ஒரே நேரத்தில் தொட்டால் கம்பியே பழுக்கும். எனவே மரக்கட்டையால் தட்டட்டும். கழற்றும் வேலை எதுவானாலும் பேட்டரியின் நெகட்டிவ் கவ்வியை முதலில் எடுத்த பிறகே. தள்ளிக் கிளப்பலாம் என்ற யோசனை வேண்டாம், ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அது பலிக்காது.

பட்டறைக்குக் கொண்டுபோவதில்தான் நீ கொஞ்சம் திட்டமிட வேண்டும். வண்டி நிற்பது பலமாடிக் கார்ப்பேட்டையின் நான்காம் மாடியில். இழுவை வண்டிக்காரரை அழைக்கும்போதே எந்த மாடி, உயர வரம்பு எவ்வளவு, நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி என்ற மூன்றையும் சொல்லிவிடு. முன்சக்கரத்தை மட்டும் தூக்கி, பின்சக்கரம் தரையில் உருள இழுத்துப்போனால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பழுதாகலாம். நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் போக வேண்டும். அதற்குள் ஒரு காலை அதுவாகவே கிளம்பிவிட்டால் நேராகப் பட்டறைகள் இருக்கும் சின் மிங்குக்கு ஓட்டு, வழியில் எங்கும் அணைக்காதே. பெட்ரோல் போடவும் நிற்காதே, அங்கே எஞ்சினை அணைத்தே ஆக வேண்டும். வேறெங்காவது ஓடவிட்டு நிறுத்திவிட்டுக் காப்பி வாங்கப் போனால் அதுவும் சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். விரைவுச்சாலையில் நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து அருகிலுள்ள கார்நிறுத்துமிடம் வரை கட்டணமின்றி இழுத்துவிடும் என்பது ஆறுதல்தான். இருந்தாலும் காலாங் பாய லேபார் விரைவுச்சாலையின் 9 கிலோமீட்டர் சுரங்கத்தை இந்த வாரம் தவிர்த்துவிடு.

எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாருவில் கூலி குறைவு என்கிறார் மாப்பிள்ளை. டயரோ பிரேக் பேடோ என்றால் நானும் சரி என்பேன். ஆனால் எந்நேரமும் நின்றுவிடக்கூடிய வண்டியை, எல்லை தாண்டும் சிங்கப்பூர் வண்டிக்குக் கட்டாயமான முக்கால் டாங்க் பெட்ரோலோடு, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் மணிக்கணக்கில் ஊர்ந்து கொண்டுபோய், மாட்டிய பொருள் சரியில்லை என்றால் மறுபடி அதே வரிசையில் நிற்பதற்கு அந்த மிச்சம் ஈடாகாது.

இனி விலை. நீ கேட்ட பட்டறையில் பேட்டரி, வண்டி ஓடும்போது அதை நிரப்பும் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மூன்றையும் மாற்ற வேண்டும் என்று சொன்னார்களாம். எதையும் அளக்காமல் மூன்றைச் சொல்பவரிடம் நான் வண்டியை விடமாட்டேன். ஓடும் எஞ்சினில் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டருக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்டார்ட்டரில் உனக்கு மூன்று வழிகள் உண்டு. பழையதைப் பிரித்து செம்புத் தொடர்பையும் பிரஷ்ஷையும் மட்டும் மாற்றுவது மிக மலிவு. பற்சக்கரங்களால் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் கியர் ரிடக்‌ஷன் வகை ஸ்டார்ட்டர்கள் பலவற்றுக்கு அந்த உதிரிகள் தனியாகக் கிடைக்கும், ஆனால் பொறுமையாகச் செய்யும் ஆட்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். ரீகண்டிஷன் செய்ததை, அதாவது செப்பனிட்டுப் புதுப்பித்த வேறொரு பழைய ஸ்டார்ட்டரை, மாட்டலாம். புதிதாகவும் வாங்கலாம். எதை எடுப்பது என்பதைக் கழற்றிப் போடும் கூலிதான் முடிவு செய்ய வேண்டும். டொயோட்டாவின் 4.7 லிட்டர் வி8 போன்ற எஞ்சினில் ஸ்டார்ட்டர், எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும். அங்கே மலிவுப் பொருளை மாட்டுவது முட்டாள்தனம், ஏனென்றால் அதே கூலியை இரண்டாம் முறையும் கொடுக்க நேரும். உன் வண்டியிலோ அடியிலிருந்து இரண்டு போல்ட்டைத் தளர்த்தினால் கையில் வந்துவிடும். அதனால் உத்தரவாதத்தோடு கிடைக்கும் நல்ல ரீகண்டிஷன் போதும் என்பது என் கருத்து. கழற்றியதும் மேலிருந்து எஞ்சின் ஆயில் அதன்மேல் ஒழுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல். ஒழுக்கை அடைக்காமல் புதிதை மாட்டினால் ஆயில் பிரஷ்ஷுக்குள் இறங்கி அதையும் கெடுத்துவிடும். பல்வளையத்தையும் எஞ்சினைக் கையால் முழுச்சுற்று சுற்றி, டார்ச் அடித்துப் பார்க்கட்டும்.

வண்டியையே கொடுத்துவிடலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். 2009இல் பதிவான வண்டி. 2019இல் சிஓஇயை, அதாவது வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழை, பத்தாண்டுக்குப் புதுப்பித்தபோதே, பத்தாண்டுக்குள் பதிவை நீக்கினால் கிடைக்கும் பார்ஃப் கழிவைக் கைவிட்டாயிற்று. சாலை வரியிலும் 50 விழுக்காடு கூடுதலாகக் கட்டுகிறாய், ஆண்டுதோறும் பரிசோதனைக்கும் அனுப்புகிறாய். இவை எல்லாம் தெரிந்தே ஒப்புக்கொண்ட செலவுகள். ஸ்டார்ட்டர் பழுதானதால் இவற்றில் எதுவும் கூடவில்லை. வண்டியைக் கொடுப்பதானால் மிச்சமிருக்கும் மாதங்களுக்கான சிஓஇ தொகையைக் கணக்கிட்டு, பிள்ளைகளைப் பள்ளியில் விட எத்தனை முறை டாக்ஸி பிடிப்பீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிவைத்து நிதானமாக முடிவெடுங்கள். கார்ப்பேட்டையில் கிளம்பாமல் நின்ற கோபத்தில் வேண்டாம்.

பழைய ஸ்டார்ட்டரைப் பட்டறையில் விட்டுவிடாதே, கேட்டு வாங்கிக்கொள். ரீகண்டிஷன் எடுக்கும் இடத்தில் அதைத் திருப்பித் தந்தால்தான் விலை குறையும் என்றால், கொடுப்பதற்கு முன் சொலினாய்டின் மூடியைத் திறக்கச் சொல்லி அந்தச் செம்பைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. மல்டிமீட்டரில் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும், போகும்போது ஒன்று வாங்கிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா