அந்த ரிக்கெற் வேண்டாம், தம்பி

ஸ்காபரோ
ஜூலை 2025

அன்புள்ள தம்பி,

இங்கே அப்பாவும் அம்மாவும் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் நோவு இப்போது பரவாயில்லை. வெயில் வந்ததும் பின்வளவில் கத்தரியும் மிளகாயும் வைத்துவிட்டாள். உன் சின்னவள் சைக்கிள் ஓடும் வீடியோவை அம்மா வருகிற போகிற எல்லோருக்கும் காட்டுகிறாள்.

என் பிறந்தநாளுக்கு ரொறன்ரோ லீஃப்ஸின் ஹொக்கி விளையாட்டுக்கு, கீழ்த்தட்டில் கண்ணாடிக்குக் கிட்டவாக இரண்டு ரிக்கெற் எடுத்துத் தருகிறேன் என்று சொன்னாய். பாசத்தில் சொன்னது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் வேண்டாம். ஏன் என்று போனில் சொல்ல வெளிக்கிட்டால் நீ நடுவில் லீஃப்ஸை விட்டுப் போன மார்னரைத் திட்டத் தொடங்கிவிடுவாய், கதை அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

மார்னரில் இருந்தே தொடங்குகிறேன். இங்கே மார்க்கத்தில் பிறந்த பையன். பெரிய ஆட்டங்களில் அவர் மங்கிப்போனார் என்று நீ சொல்வதை நான் மறுக்கவில்லை. சீசன் முடிந்து ஸ்ரான்லி கிண்ணத்துக்காக நடக்கிற பிளேஓஃபில், இந்த வருடம் புளோரிடாவுடன் கடைசி ஏழாவது ஆட்டம், சொந்த அரங்கில், ஆறுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அதற்கு முந்திய வீட்டு ஆட்டமும் அதே ஆறுக்கு ஒன்று. அந்த ஏழாவது ஆட்டம் நடந்தது மே 18. பகல் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலில் நின்றுவிட்டு வந்த எங்களுக்கு ரீவியைப் போடவே மனம் வரவில்லை. நான் போட்டபோது இரண்டாவது பகுதி. சில நிமிடங்களுக்குள் மூன்று கோல் விழுந்தது. ஜேர்சியைக் கழற்றி ஐஸில் எறிந்தார்கள். அப்படியொரு நாளில் ஒரு விளையாட்டுத் தோல்வியைத் துக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கு வந்தது கோபம். அது அந்த ஐஸில் நின்ற பெடியள் மேல் வந்த கோபம் இல்லை.

நீ கணக்கு வேலை செய்கிறவன், இந்தக் கணக்கைப் பார். போன சீசனில் ஒரு அணி சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 88 மில்லியன் டொலர். அதில் மத்யூஸ், நைலாண்டர், தவாரஸ், மார்னர் என்ற நாலு பேருக்கு மட்டும் 46 மில்லியனுக்கு மேல் போனது. பாதிக்கு மேல். கோல் காப்பவர், பின்வரிசை, மூன்றாம் நாலாம் வரிசை என்று மிச்சம் இருந்த 19 பேரையும் மீதிக் காசில்தான் பிடிக்க வேண்டும். அந்தக் கணக்கை மார்னரா போட்டார்? தருவதாகச் சொன்னதை வாங்கினார், யாராக இருந்தாலும் வாங்குவார்கள். போட்டுக் கையெழுத்து வைத்தது மேலே இருந்தவர்கள்.

அப்புறம் அவர் போன விதம். 2023 ஜூலை முதலாம் திகதியில் இருந்து அவருடைய சம்மதம் இல்லாமல் அவரை வேறு அணிக்கு மாற்ற முடியாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த திகதி. அந்தத் திகதிக்கு ஆறு கிழமை முன்னால், மே மாதத்தில், பொது முகாமையாளர் டூபஸை வெளியே அனுப்பினார்கள். நீ இருக்கிற கல்கரியின் அணியில் இருந்து ட்ரெலிவிங்கைக் கொண்டுவந்தபோது மே முடிந்துவிட்டது. புதிதாக வந்த மனிதன் ஒரு மாதத்துக்குள் அணியின் மையத்தையே பிரித்து விற்பானா? கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து மார்னர் வேகாஸுக்குப் போனார், பதிலுக்கு நிக்கோலா ருவா என்ற ஒருவர் வந்தார். கோலும் கோலுக்கு உதவியுமாக ஒரு சீசனில் நூறு புள்ளி தாண்டிய ஆட்டக்காரனுக்கு அவ்வளவுதான் பெறுமதி. இதற்கு மார்னரின் வீட்டைத் தேடிப்போய்த் திட்டுகிற ஆட்களை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ அந்த வரிசையில் நிற்காதே.

ஷனஹான் 2014இல் லீஃப்ஸின் நிர்வாகத் தலைவராக வந்தபோது பொறுமையாகக் கட்டுவோம் என்றார். கட்டினார் என்பதும் உண்மை. 2017இல் இருந்து ஒரு வருடமும் தவறாமல் பிளேஓஃபுக்குப் போயிருக்கிறார்கள், அதற்கு முந்திய பத்து வருடத்தை நினைத்தால் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதே மையத்தை வைத்துக்கொண்டு, பயிற்சியாளரை மாற்றி, முகாமையாளரை மாற்றி, பதினொரு வருடம் கழித்து அவரையும் இந்த மே மாதத்தில் அனுப்பியாயிற்று. அவர் மேல் எனக்குப் பெரிய குறை இல்லை. அவருக்கும் மேலே இருக்கிறவர்கள் ஒருவரும் போகவில்லை, அதுதான் என் குறை.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். 2012இல் ரொஜர்ஸ், பெல் என்ற இரண்டு தொலைபேசிக் கம்பனிகளும் சேர்ந்து லீஃப்ஸை வைத்திருக்கிற கம்பனியின் 75 வீதத்தை ஏறத்தாழ 1.32 பில்லியனுக்கு வாங்கினார்கள். இந்த ஜூலை முதலாம் திகதி பெல்லின் பாதியை, அதாவது 37.5 வீதத்தை, ரொஜர்ஸ் 4.7 பில்லியனுக்கு வாங்கி முடித்தது. ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியும் மற்ற அணிகளும் அதற்குள் அடக்கம், சரி. ஆனாலும் பங்குக்குப் பங்கு பார், ஏறத்தாழ ஏழு மடங்கு. அந்தப் பதின்மூன்று வருடத்தில் லீஃப்ஸ் வென்ற பிளேஓஃப் சுற்று இரண்டே இரண்டு. 2023இல் ரம்பாவை, இந்த வருடம் ஒட்டாவாவை. தோசை கருகினாலும் வாசலில் வரிசை குறையாத கடையில் முதலாளி ஏன் சமையல்காரனைப் பற்றி யோசிக்கப் போகிறார்? சீசன் ரிக்கெற்றுக்கு இன்னும் ஆட்கள் வருடக் கணக்கில் காத்திருக்கிறார்கள். லீக்கிலேயே ஆகக் கூடிய விலைகளில் ஒன்று, அப்படியிருந்தும் ஒரு இருக்கை மிஞ்சுவதில்லை. தோற்பதால் இவர்களுக்கு ஒரு சதமும் குறையவில்லை. குறையாதவரைக்கும் அவசரமும் வராது.

காசில்லாத முதலாளிகள் என்று நான் சொல்லவில்லை. கெட்டவர்கள் என்றும் இல்லை. இதே கம்பனியின் ராப்டர்ஸ் 2019இல் வென்றது, நீயும் அந்த ஊர்வலத்தில் நின்றாய். எப்படி வென்றார்கள்? ஊரே கொண்டாடிய டிரோசனை, ராப்டர்ஸின் நிர்வாகத் தலைவர் மசாய் உஜிரி 2018இல் கொடுத்துவிட்டு கவாய் லெனர்டைக் கொண்டுவந்தார். எத்தனை பேர் அன்று உஜிரியைத் திட்டினார்கள்! ஒரு தலைவர் துணிந்து ஒன்று செய்தார், மேலே இருந்தவர்கள் விட்டார்கள். ஹொக்கிப் பக்கத்தில் அந்தத் துணிவு ஒருநாளும் வரவில்லை. அந்த உஜிரியையும் போன மாதம் அனுப்பிவிட்டார்கள். அந்தச் செய்தியைப் பார்த்த பிறகுதான் உன் ரிக்கெற்றை வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது லீஃப்ஸின் பழைய முதலாளி பலார்ட் உயிரோடு இருந்தார். நான் முதலில் வேலை செய்த தொழிற்சாலையில் கூட நின்ற வெள்ளைக்காரக் கிழவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே பாணைக் கீழே வைத்துவிடுவார். அவரிடம்தான் நான் இந்த விளையாட்டையே படித்தேன். 1972இல் மோசடி, களவு என்று 47 குற்றச்சாட்டில் குற்றவாளியாகி மறியலுக்குப் போய்வந்த மனிதர் பலார்ட். திரும்பி வந்தும் அணி அவர் கையில்தான். ஜேர்சியில் ஆட்டக்காரரின் பெயர் இருக்க வேண்டும் என்று லீக் சட்டம் போட்டபோது, நீலத் துணியில் நீல எழுத்தாகத் தைத்துக் கொடுத்தார். பெயர் தெரிந்தால் நிகழ்ச்சிப் புத்தகம் விற்காமல் போய்விடுமாம். 1979இல் லானி மக்டொனால்டை வேறு அணிக்குக் கொடுத்தார்கள். அதற்கு எதிர்ப்பாக அணித் தலைவர் சிட்லர் தன் ஜேர்சியில் இருந்த தலைவர் எழுத்தை அவரே பிடுங்கி எடுத்தார். அந்த லானி கடைசியில் உங்கள் கல்கரிக்குப் போய், 1989இல் கிண்ணத்தைத் தூக்கினார். உன் பக்கத்து வீட்டு வயதானவர்களைக் கேட்டுப் பார், அந்த மீசையைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள்.

பலார்ட் 1990இல் இறந்தார். மூன்றே வருடத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1991இல் கிளிஃப் ஃபிளெச்சர் முகாமையாளராக வந்தார், அவரும் கல்கரியில் இருந்துதான். 1992 புதுவருடத்தோடு கல்கரியுடன் பத்துப் பேர் கைமாறிய ஒரு வியாபாரம் செய்து டக் கில்மோரைக் கொண்டுவந்தார். 1993 மே மாதத்தில் கிண்ணத்தின் இறுதிச் சுற்றுக்கு ஒரே ஒரு வெற்றி தூரத்தில் நின்றோம். ஆறாவது ஆட்டத்தில் எதிரணி கிரெட்ஸ்கியின் மட்டை கில்மோரின் முகத்தில் பட்டு இரத்தம் வந்ததை நடுவர் தண்டிக்கவில்லை, அந்தக் கதையை நீ என்னிடம் கேட்டுச் சலித்திருப்பாய். நான் இப்போது அதைச் சொல்வது வேறொன்றுக்காக. ஊர் அதே ஊர், ரசிகர்கள் அதே ரசிகர்கள், கட்டடமும் அதே கட்டடம். மாறியது மேலே இருந்த ஆட்கள்தான்.

அதே மாதிரி அவர்கள் செய்கிற பிழையும் சும்மா போவதில்லை. 2013இல் பொஸ்ரனுடன் நடந்த ஏழாவது ஆட்டம் உனக்கு மறக்காது. பேஸ்மென்ற்றில், மூன்றாவது பகுதியில் கட்ரி அடித்து நாலுக்கு ஒன்று ஆனதும் நீ மேலே ஓடிப்போய் அம்மாவை எழுப்பிக் கூட்டிவந்தாய். அவள் படியிலேயே நின்று பார்த்தாள். பிறகு பொஸ்ரனுக்கு ஹோர்ட்டன் ஒன்று, லூச்சிச் ஒன்று, 51 விநாடி இருக்கையில் பெர்ஜெரோன் ஒன்று. மேலதிக நேரத்திலும் அதே பெர்ஜெரோன். அன்று பொஸ்ரன் வலையில் நின்ற ரூக்கா ராஸ்க் யார்? 2005இல் அணிகள் புதுப் பெடியளைத் தெரிவு செய்யும்போது லீஃப்ஸ் முதல் சுற்றில் எடுத்த பெடியன். ஒரு வருடத்தில் ரேய்க்ரொஃப்ற் என்ற இன்னொரு கோல் காப்பவருக்காக அவரைக் கொடுத்துவிட்டார்கள். பொஸ்ரன் பக்கம் நின்ற ரைலர் செகின் யார்? கெசலை வாங்குவதற்காக 2009இல் விட்டுக்கொடுத்த தெரிவில் பொஸ்ரன் எடுத்த ஆள். அந்த இரவு தோற்றது ஐஸில் என்று நீ நினைத்து அழுதாய். பல வருடம் முந்தியே அலுவலக மேசையில் தோற்றாயிற்று.

ரிக்கெற் வாங்காமல் விட்டால் ரொஜர்ஸ் முடங்கிவிடும் என்று நான் நினைக்கவில்லை. நீ வாங்காத இருக்கையில் இன்னொருவர் இருப்பார். வீட்டில் பார்த்தாலும் காசு அங்கேதான் போகிறது, நாடு முழுக்க ஒளிபரப்புகிற உரிமையும் அவர்களிடம்தான், 2026இல் இருந்து 12 வருடத்துக்கு 11 பில்லியன் கொடுத்துப் புதுப்பித்திருக்கிறார்கள். நான் பார்ப்பதை விடப்போவதும் இல்லை. ஒக்டோபர் வந்தால் அந்த நீல ஜேர்சியோடு கதிரையில் இருப்பேன், மத்யூஸ் கோல் அடித்தால் எழும்பிக் கத்துவேன். 1967க்குப் பிறகு இந்த ஊர் காணாத கிண்ணத்தை நான் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது, அதில் மாற்றமில்லை. ஆனால் நீ விமானத் தொழிற்சாலையில் இரவு வேலையும் செய்து சேர்த்த காசை, வென்றாலும் தோற்றாலும் ஒன்றுதான் என்று இருக்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொட்ட என் மனம் ஒப்பவில்லை. என் பெயரால் கொட்டவே கூடாது.

அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. மார்கழி விடுமுறைக்கு மூன்று பேரும் இங்கே வாருங்கள். செப்ரர்ஸ் என்று பெண்கள் ஹொக்கி அணி ஒன்று இருக்கிறது, தெரியும்தானே? அந்த லீக்கின் முதலாவது ஆட்டமே 2024 ஜனவரி முதலாம் திகதி லீஃப்ஸின் பழைய அரங்கான கார்டன்ஸ் கட்டடத்தில்தான் நடந்தது. கீழே பலசரக்குக் கடை, மேலே பல்கலைக்கழகத்தின் ஐஸ். நியூ யோர்க்கிடம் நாலுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள், ஆனாலும் சனம் எழும்பி நின்று கைதட்டியது. இப்போது எக்சிபிஷன் பக்கத்துக் கோலிசியத்தில் ஆடுகிறார்கள். லீஃப்ஸ் ரிக்கெற் ஒன்றின் காசில் நாங்கள் ஐந்து பேரும் போய் உட்காரலாம். சின்னவளுக்கு ஏழு வயது, கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்து தன்னைப்போல் பெண்பிள்ளைகள் மோதி விழுந்து எழும்புவதைப் பார்க்கட்டும். அப்பப்பாவின் பிறந்தநாள் பரிசாக அது போதும்.

இன்னொன்று. கல்கரியில் அவளை ஸ்கேற்றிங் வகுப்புக்கு விட யோசிப்பதாக மருமகள் சொன்னாள். யோசிக்காதே, விடு. வகுப்புக் காசை நான் அனுப்புகிறேன். அவளுடைய கால் அளவை மட்டும் அம்மாவுக்கு எழுதிவிடு, இங்கே தெரிந்த கடையில் நல்ல ஸ்கேற் மலிவாக இருக்கிறது. அடுத்த கிழமை அம்மா மிளகாய்த்தூள் பார்சல் அனுப்புகிறாள், அதோடு சேர்த்து வைத்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா